தனுக்கோடிப் பாதையும் இராமேசுவரக் கிளையும்

இருப்புப்பாதைகளை முதன்மைப் பாதை என்றும் கிளைப்பாதை என்றும் பகுத்துக் கூறுதல் மரபு. இப்பகுப்பு, பாதையின் முடிவிடத்திற்கு எத்தகைய தேவை உள்ளது என்பதைப் பொறுத்து மாறுவது. இராமேசுவரத் தீவின் இருப்புப்பாதை வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

இன்று அத்தீவில் ஓடுவது ஒரே பாதை. அது பாம்பனில் தொடங்கி இராமேசுவரத்தில் முடிகின்றது. 1914 முதல் 1964 வரை நிலை வேறு. பாம்பனிலிருந்து தென்கிழக்கே தனுக்கோடிக்குச் சென்றதே முதன்மைப் பாதை. திருக்கோயில் நகராகிய இராமேசுவரத்திற்கு ஒரு கிளையே பிரிந்து சென்றது.

மதுரையிலிருந்து மானாமதுரை, பரமக்குடி, இராமநாதபுரம், உச்சிப்புளி வழியாக மண்டபம் வரை 1902இல் இருப்புப்பாதை அமைந்தது. அதற்கப்பால் கடல் குறுக்கிட்டது. அக்காலத்தில் கொழும்பு செல்வோர் தூத்துக்குடியில் கப்பல் ஏறினர். ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நீளமுள்ள பாம்பன் பாலம், கப்பல்கள் செல்லத் திறக்கும் தூக்குக்கண்ணுடன், 1914 பிப்ரவரி 24இல் திறக்கப்பட்டது. இலங்கையிலும் தலைமன்னாருக்குப் பாதை அதே ஆண்டில் அமைந்தது. சென்னையிலிருந்து புறப்பட்ட ‘போட் மெயில்’ தனுக்கோடியில் கப்பலோடு இணைந்தது. அக்கரையில் தலைமன்னாரிலிருந்து மற்றொரு புகைவண்டி கொழும்புக்குச் சென்றது.

இப்பாதையை முதன்மையாக்கியது யாத்திரையன்று என்பது ஈண்டுக் கருதத்தக்கது. இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்குத் தமிழகத் தொழிலாளர் இவ்வழியே பெருந்திரளாகச் சென்றனர். முன்னர் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மலைநாட்டுக்கு நடந்து, வழியில் நோயால் மாண்டோர் பலர். பாதை அமைந்தபின் நடைப்பயணம் ஒழிந்தது. ஆயினும் மண்டபத்தில் இலங்கை அரசு நடத்திய முகாமில் மருத்துவச் சோதனைக்காகத் தங்கிய பின்னரே அவர்கள் கடல் கடக்க முடிந்தது. ‘மண்டபம் முகாம்’ என்னும் இடப்பெயர் அதன் எச்சமாக இன்றும் வழங்குகின்றது.

1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு வீசிய புயலில் தனுக்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து சென்ற புகைவண்டி பயணிகளோடு கடலுக்கு இரையாயிற்று. பாலத்தின் பெரும்பாலான கண்கள் அடித்துச் செல்லப்பட்டும் தூக்குக்கண் நிலைத்து நின்றது. பாலம் 46 நாள்களில் செப்பனிடப்பெற்றது. தனுக்கோடிப் பாதையோ மீண்டும் இடப்படவில்லை. கிளையாக இருந்த இராமேசுவரப் பாதையே அன்றுமுதல் முதன்மைப் பாதையாயிற்று. தலைமன்னார்க் கப்பலும் இராமேசுவரத்திற்கு மாறியது.

புயலுக்கு இரு திங்களுக்கு முன், 1964 அக்டோபர் 30இல், சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. மலையகத் தமிழருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென அதில் முடிவு செய்யப்பட்டது. சென்றோரின் வழிவந்தோர் மீண்டும் இக்கடலையே கடந்து இராமேசுவரத்தில் இறங்கினர். மண்டபம் முகாமே அவர்களை வரவேற்றது. இலங்கையில் போர் மூண்ட 1980களில் கப்பலும் நின்றது.

2007இல் இப்பாதை அகலப்பாதையாயிற்று. புதிய பாம்பன் பாலம் 2025 ஏப்ரல் 6இல் திறக்கப்பட்டது. இன்று இவ்வழிச் செல்வோருள் பெரும்பாலோர் யாத்திரிகரே. ஆதலின் இதனைத் திருத்தலப் பாதையாக மட்டும் கொள்வது எளிது. அவ்வாறு கொள்ளின், அரை நூற்றாண்டுக் காலம் இப்பாதையை முதன்மைப் பாதையாக விளங்கச் செய்த உழைக்கும் மக்கள் நம் வரலாற்றிலிருந்து விடுபட்டுப் போவர். மலையகத் தமிழ் இலக்கியத்தை ஆராயும் மாணவர், அம்மக்களின் பயணத்திற்குரிய இவ்வழியையும் சேர்த்து அறிதல் வேண்டும்.