நரம்பு கம்பி அல்ல

நான் நாகபுரியில் நாற்பது வருஷமாக இரும்புக் கடை நடத்துகிறவன். பள்ளி இறுதி வகுப்போடு படிப்பு நின்றது. மற்றதெல்லாம் புத்தகம் வாங்கி நானாகப் படித்தது. மூன்று வருஷத்துக்கு முன் ஒரு ராத்திரி வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினால், ஒரே ரத்தம். ஒன்றரை இஞ்ச் ஆணி ஒன்று செருப்பைத் துளைத்துப் பாதத்தில் ஏறியிருக்கிறது. எப்போது ஏறியதோ, தெரியாது. வலிக்கவே இல்லை! சர்க்கரை வியாதி வந்து அப்போது பதினைந்து வருஷம். "வலிக்காததுதான் கவலை" என்றார் டாக்டர். ஏன் என்று தேடிப் படித்ததை இங்கே எழுதுகிறேன்.

நரம்பு என்பது கரண்டுக் கம்பி மாதிரி என்றே நினைத்திருந்தேன். கம்பியும் விற்கிறேன் அல்லவா! ஆனால் தாமிரக் கம்பி உயிரில்லாதது. யாராவது கரண்டு விட்டால் கடத்தும். நரம்பு செல் ஓயாமல் உழைக்கிறது. சோடியத்தை (சாப்பாட்டு உப்பில் இருப்பதேதான்) மூன்று மூன்றாக வெளியே தள்ளி, பொட்டாசியத்தை இரண்டிரண்டாக உள்ளே இழுக்கும் பம்புகள் அதன் சவ்வில் இருக்கின்றன. இப்படிச் சேர்ந்த ஏற்றத்தாழ்வால் செல்லின் உட்புறம் வெளிப்புறத்தைவிட சுமார் 70 மில்லிவோல்ட் தாழ்ந்திருக்கும்.

ஆணி குத்தியதும் சவ்விலுள்ள நுண்கதவுகள் திறந்து சோடியம் உள்ளே பாய்கிறது. அந்த இடத்தில் மின்நிலை தலைகீழாகி, அதனால் அடுத்த கதவுகள் திறக்கின்றன. திறந்தவை மூடிக்கொள்ள, பொட்டாசியம் வெளியேறிப் பழைய நிலை திரும்புகிறது. ஓரிடத்தில் இதற்கு ஆகும் நேரம் விநாடியில் ஆயிரத்திலொரு பங்கு, இரண்டு பங்குதான். சரவெடி மாதிரி என்று வையுங்கள். ஆனால் இது வெடித்தபின் தானே மருந்து கட்டிக்கொள்கிற சரம். பலமாகக் குத்தினால் வெடி பெரிதாவதில்லை, அடிக்கடி வெடிக்கும். ஊசிக்கணவாயின் தடித்த நரம்பிழையில் இதை அளந்து 1952இல் எழுதிய ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி இருவருக்கும் 1963இல் நோபல் பரிசு கிடைத்தது.

கொழுப்பு உறை போர்த்திய இழைகளில் வேகமானவை விநாடிக்கு 100 மீட்டர்கூடப் போகும். உறையில்லாத வலி இழைகளோ ஒரு மீட்டர் அளவுதான். நிலைப்படியில் கால் இடித்தால் முதலில் 'சுரீர்' என்று ஒரு வலி, சற்றுப் பொறுத்து நின்று வலிக்கிற வலி என்று இரண்டு வருவது இதனால்தான்.

இனி என் பாதத்துக்கு வருகிறேன். கால்விரலின் உணர்ச்சியைச் சொல்லும் செல்லின் உடல் இருப்பது இடுப்புப் பக்கம், முதுகெலும்பை ஒட்டி. அங்கிருந்து விரல் நுனிவரை ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒரே இழை! அதைப் பராமரிக்கும் சரக்கெல்லாம் அங்கிருந்தே வந்து சேர வேண்டும். சர்க்கரை மிகும்போது இழையும் கெடுகிறது, அதற்கு ஊட்டும் நுண்ணிய ரத்தக் குழாய்களும் கெடுகின்றன. நீளமான இழைதான் முதலில் படுக்கிறது. அதனால்தான் மரப்பு காலுறை போட்ட மாதிரி பாதத்தில் தொடங்கி மேலே ஏறும்.

ஓரறிவு உயிருக்கும் உண்டு என்று தொல்காப்பியமும் எங்கள் சமண நூல்களும் முதலில் வைத்த அறிவு, தொடுவுணர்வு. அது எனக்குப் பாதத்தில் போய்விட்டது.

சர்க்கரை உள்ளவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவையாவது டாக்டரிடம் பாதத்தைக் காட்டுங்கள். நைலான் இழையால் தொட்டும், இசைக்கவையை அதிரவிட்டு வைத்தும் பார்ப்பார். ஐந்து நிமிஷ வேலை. எனக்குக் குனிய முடியாது, தினம் ராத்திரி பேத்திதான் உள்ளங்காலைப் பார்த்துச் சொல்கிறாள். கடையில் இப்போது ஷூதான். காலை நுழைக்குமுன் கவிழ்த்துத் தட்டிப் பார்க்கிறேன்.