பாட்டியின் கண்ணாடி, அம்மாவின் லென்ஸ்

பாட்டியின் டிரங்குப் பெட்டியில் அந்தக் கண்ணாடி இன்றும் இருக்கிறது. ஒரு பக்கக் காம்பு உடைந்துபோய், அந்த இடத்தில் கறுப்பு நூல் கட்டியிருக்கும். நடுவில் தடித்து ஓரத்தில் மெலிந்த அதன் வில்லைகள், சோடா பாட்டிலின் அடிப்பாகத்தை வெட்டிப் பதித்தாற்போல் இருக்கும். சோடாபுட்டிக் கண்ணாடி என்றால்தான் ஊரில் தெரியும்.

1980களின் தொடக்கத்தில் ஒரு கண் முகாமில் பாட்டிக்குப் புரை எடுத்தார்கள். தலை அசையக் கூடாதென்று இரண்டு பக்கமும் மணல் பை வைத்து நாள்கணக்கில் படுக்க வைத்தார்கள். அன்றைய அறுவை சிகிச்சையில் புரை விழுந்த வில்லையை முழுதாக எடுத்துவிடுவார்கள். அந்த இடத்தில் வேறெதையும் வைக்கமாட்டார்கள். கண்ணுக்குள் இல்லாமற்போனதன் வேலையையெல்லாம் மூக்கின்மேல் உட்காரும் கண்ணாடி செய்தாக வேண்டும். பவர் பத்து டயாப்டர் அளவில் இருக்கும். எதைப் பார்த்தாலும் கால் பங்கு பெரிதாகத் தெரியும். நேரான கதவு நிலை வளைந்து நிற்கும். பார்வையின் ஓரத்தில் வளையம்போல் ஒரு பகுதி தெரியவே தெரியாது.

பாட்டி காபி ஆற்றும்போது டம்ளருக்கு ஒரு விரற்கடை இந்தப் பக்கமாகவே ஊற்றுவாள். படியிறங்கும்போது காலால் துழாவுவாள். "தெரியுதுடா, ஆனா இருக்கிற எடத்துல தெரியல" என்பாள். காம்பு உடைந்து நூல் கட்டும்வரை, பகலெல்லாம் திண்ணையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சென்ற ஆண்டு அம்மாவுக்குப் புரை எடுத்தோம். காலையில் போனவள் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருந்தாள். மூன்று மில்லிமீட்டர்கூட இல்லாத ஒரு கீறல் வழியாக மடித்த லென்ஸ் உள்ளே போய் விரிந்துகொண்டது. தையலும் இல்லை, மணல் பையும் இல்லை. கையில் கொடுத்த அட்டையில் சின்ன ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருந்தது. லென்ஸின் மாடல், பவர், வரிசை எண், காலாவதித் தேதி எல்லாம் அதில் இருந்தன.

பாட்டிக்குப் புரை எடுத்த காலத்தில் இந்த லென்ஸ் கண்டுபிடிக்கப்படாமல் இல்லை. அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே அது வந்துவிட்டது. அதுதான் என் மனத்தை உறுத்துகிறது.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானிகள் சிலரின் கண்ணில், விமானக் கூண்டின் பெர்ஸ்பெக்ஸ் பிளாஸ்டிக் துணுக்குகள் தெறித்துத் தங்கிவிட்டன. கண் அவற்றைப் பெரிதாக எதிர்க்கவில்லை என்பதை லண்டன் மருத்துவர் ஹரோல்டு ரிட்லி கவனித்தார். அதே வகைப் பிளாஸ்டிக்கில் லென்ஸ் செய்யச் சொல்லி, 1949 நவம்பர் 29 அன்று செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஒரு பெண்ணின் கண்ணில் பொருத்தினார். கண்ணுக்குள் அந்நியப் பொருளை வைப்பதா என்று மூத்த மருத்துவர்கள் கொதித்தார்கள். அவர்கள் அஞ்சியதிலும் நியாயம் இருந்தது. தொடக்க கால லென்ஸ்கள் இடம் நழுவின. பின்னால் வந்த சில வடிவங்கள் கருவிழியைக் கெடுத்தன. வடிவத்தைத் திருத்தித் திருத்தி, அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் ஒப்புதல் கொடுத்தபோது ஆண்டு 1981 ஆகிவிட்டது.

ஒப்புதல் வந்தது, சந்தையும் திறந்தது. ஆனால் அந்தச் சந்தையில் நம் பாட்டிகளுக்கு இடமில்லை. இறக்குமதி லென்ஸ் ஒன்றின் விலை நூறு டாலரையொட்டியும் அதற்கு மேலும் இருந்தது. கூலி வேலை செய்யும் குடும்பத்துக்கு அது பல மாதச் சம்பளம். அதனால் பணம் உள்ளவருக்கு லென்ஸ், இல்லாதவருக்குச் சோடாபுட்டி என்று ஒரே நோய்க்கு இரண்டு வைத்தியம் நடந்தது.

அதை மாற்றத் துணிந்தது மதுரை. 1976இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி, அப்போதே அரசுப் பணியில் ஓய்வு பெற்றவர். முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போனவர். அவரும் அவருடைய குழுவும், சேவா அறக்கட்டளையின் டேவிட் கிரீன் துணையோடு, லென்ஸை நாமே செய்வோம் என்று முடிவெடுத்தார்கள். 1992இல் ஆரோலேப் பிறந்தது. லென்ஸின் விலை பத்து டாலர் அளவுக்கு இறங்கியது, பின்னர் அதற்கும் கீழே போனது.

அந்த லென்ஸ் உருவாகும் விதத்தைச் சொல்லியாக வேண்டும். பிஎம்எம்ஏ என்னும் தெளிந்த பிளாஸ்டிக்கைச் சட்டைப் பொத்தான்போல வட்டமாக வெட்டி, லேத்தில் கடைந்து வளைவு கொடுப்பார்கள். ஆறு மில்லிமீட்டர் வட்டம், அதைக் கண்ணுக்குள் பிடித்து நிறுத்த முடிபோல் மெல்லிய இரண்டு கால்கள். நுண்ணிய மணிகளோடு ஜாடியில் போட்டு, விளிம்பு மழமழவென்று ஆகும்வரை உருட்டிக்கொண்டே இருப்பார்கள். பிறகு ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்துக் கீறல் இருந்தால் ஒதுக்க வேண்டும். தூசி நுழையாத அறைக்குள் உட்கார்ந்து இந்த வேலையைச் செய்ய, கிராமங்களிலிருந்து வந்த இளம்பெண்களைப் பழக்கினார்கள். அவர்களுடைய பாட்டிகளும் சோடாபுட்டி போட்டவர்களாகத்தான் இருந்திருப்பார்கள்.

மலிவாகச் செய்தால் மட்டும் வாங்கிவிடுவார்களா? விலை குறைந்தால் தரமும் குறைந்திருக்கும் என்ற சந்தேகம் மருத்துவருக்கும் வரும். பக்கத்திலேயே பெரிய மருத்துவமனை இருந்தது ஆரோலேப்புக்கு அமைந்த வரம். குறை இருந்தால் அறுவை அரங்கிலிருந்தே சேதி வந்துவிடும். லென்ஸ் தேவைதானா என்ற கேள்விக்கும் மதுரையிலேயே விடை தேடினார்கள். இரண்டு கண்ணிலும் புரையால் பார்வை இழந்த 3,400 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குப் பழைய முறையும் கண்ணாடியும், மறு பிரிவுக்கு லென்ஸும் கொடுத்து ஒப்பிட்டார்கள். பார்வையிலும் அன்றாட வாழ்க்கையிலும் லென்ஸ் வைத்தவர்களே மேம்பட்டிருந்தார்கள். 1998இல் வெளியான அந்த ஆய்வு, பாட்டி திண்ணையில் சொன்னதை எண்களில் எழுதியது. அதே காலத்தில் உலக வங்கி உதவியோடு தமிழ்நாடு உட்பட ஏழு மாநிலங்களில் நடந்த புரை ஒழிப்புத் திட்டமும் அரசு மருத்துவமனைகளை லென்ஸ் பக்கம் திருப்பியது. இன்று மதுரை லென்ஸ் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகிறது.

ஆரோலேப் தொடங்கியபோது, கண் லென்ஸ் செய்ய இந்திய மருந்துச் சட்டத்தில் உரிமம் கேட்கப்படவில்லை. தரம் என்பது செய்பவரின் மனசாட்சியாக இருந்தது. 2005இல்தான் கண் லென்ஸ், இதய வால்வு, ஸ்டென்ட் முதலியவை அந்தச் சட்டத்துக்குள் வந்தன. 2017இல் தனி விதிகள் எழுதப்பட்டு, ஆபத்தின் அளவைப் பொறுத்து ஏ, பி, சி, டி என நான்கு வகுப்புகள் வந்தன. முன்மாதிரி இல்லாத புதுக் கருவி என்றால், மனிதர்களிடம் சோதிக்க அனுமதியும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் வேண்டும். விற்ற பிறகு தீங்கு நேர்ந்தால் பதிவு செய்ய 2015 முதல் தேசியக் கண்காணிப்புத் திட்டம் இருக்கிறது.

இந்த விதிகளைச் சுமை என்று சொல்லும் இளம் பொறியாளர்களை நான் சந்தித்திருக்கிறேன். அவர்களின் சோர்வு புரிகிறது. சோதனைக்கும் ஆவணங்களுக்கும் ஆண்டுகள் கரைகின்றன. அதைத் தாண்டி வந்தால், டெண்டரில் முந்தைய விற்பனை அனுபவம் கேட்கிறார்கள். முதல் கருவியை விற்க வந்தவர் அனுபவத்துக்கு எங்கே போவார்? அரசும் பெரிய மருத்துவமனைகளும் அவர்களுக்கு முதல் வாடிக்கையாளராக முன்வர வேண்டும். ஆனால் விதிகளைத் தளர்த்துங்கள் என்று மட்டும் நான் கேட்கமாட்டேன். நழுவிய லென்ஸால் பார்வை போனவர்கள் கொடுத்த விலையில் எழுதப்பட்டவை அவை.

அந்தப் பொறியாளர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான். விலையையும் முதல் நாளிலேயே வரைபடத்தில் போடுங்கள். வடிவம் முடிந்து, ஒப்புதல் கிடைத்து, கடைசியில் யோசிக்கும் விஷயமாக விலை இருந்தால், முப்பது ஆண்டு இடைவெளி மறுபடியும் விழும். அந்த இடைவெளியில் யாரோ ஒருவருடைய பாட்டி காலால் படி துழாவிக்கொண்டிருப்பாள்.

ஸ்டிக்கர் ஒட்டிய அட்டையை அம்மா ரேஷன் கார்டோடு பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்திருக்கிறாள். நேற்று மாலை காபி ஆற்றிக்கொண்டிருந்தாள். வெளியே ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.