களப்பெயர்ப் பதிவும் ஔகாரமும்

இணையத்தளம் அமைக்குமுன்னரே அதன் முகவரியாகிய களப்பெயரைப் பதிந்துகொள்ளல் நன்று. முந்தியவர்க்கே பெயர் கிட்டும். அவ்வுரிமையும் கட்டணத்தைப் புதுப்பிக்குந்துணையுமே நிற்பது.

2010இல் ‘.இலங்கை’யும், 2011இல் ‘.இந்தியா’, ‘.சிங்கப்பூர்’ என்பனவும் இணையத்தின் மூலப் பதிவேட்டில் ஏறின. எனவே முகவரி முழுவதும் தமிழெழுத்தாலேயே அமைதல் கூடும். ஈண்டு ஓர் இடர்ப்பாடு உண்டு. ‘ஔவை’ என்பதனை ஒருவர் ஔகாரமிட்டுத் தட்டச்சிடுகின்றார். மற்றொருவர் ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து இடுகின்றார். கண்ணுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. கணினிக்கோ வெவ்வேறு குறியீட்டுத் தொடர்கள். ‘பௌத்தம்’ முதலிய உயிர்மெய்யிடத்தும் இஃது ஒக்கும். பதிவகம் இரண்டனையும் ஒன்றெனப் பிணைத்து வையாதவிடத்து, ஒன்றை நாம் பதிய, மற்றதைப் பிறர் பதிந்து நம் அகராதியைத் தேடி வருவோரைத் தம்பால் ஈர்த்துக்கொள்ளலாம். தொல்காப்பியர் ஔகாரத்தை ஓருயிராகவே எண்ணினார் என்று நூற்பா காட்டிப் பெயரை மீட்டல் எளிதன்று! ஆதலின், ஔகாரம் பயிலும் பெயரை விழையும் துறையினர் இருவடிவையும் ஒருங்கே பதிதல் வேண்டுமெனக் கருதுகின்றோம்.