தேர் நின்ற இடம்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணினி அறிவியல்)

ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. ஊரே கூடி வடம் பிடித்த பிறகும் தேர் நகரவில்லை என்றால் என்ன செய்வது? பழுது அச்சிலா, வடத்திலா, அல்லது இழுப்பவர்களுக்குள்ளேயே ஏதேனும் குழப்பமா? சென்ற பருவத்தில், நம் கல்லூரிக் கணிப்பொறிக் கூடத்தில் இந்தக் கேள்வி என் முன்னே வந்து நின்றது. அதற்கு விடை தேடிய கதையை நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

ஒரு கணிப்பொறியால் ஆகாத பெருங்கணக்கைப் பல கணிப்பொறிகளுக்குப் பிரித்துக் கொடுத்து, அவற்றை வலையால் இணைத்து ஒரே வேலையில் ஈடுபடுத்துவதைக் 'கிளஸ்டர்' என்கிறோம். இதற்கு நாம் வெளிநாட்டை உதாரணம் காட்ட வேண்டியதில்லை. நம் சென்னைத் தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தில், இமயமலைச் சிகரம் ஒன்றின் பெயரால் 'கப்ரு' என்னும் கிளஸ்டர் அமைக்கப்பட்டது. 144 கணிப்பொறிகள்; ஒவ்வொன்றிலும் இரண்டு செயலிகள்; ஆக 288. அணுவினுள் இயங்கும் விசைகளைப் பற்றிய கணக்குகளுக்காக அமைந்த அது, 2004-ஆம் ஆண்டில் உலகின் 500 அதிவேகக் கணிப்பொறிகளின் பட்டியலில் இடம்பெற்றது.

இத்தகைய கூட்டத்தில் ஒரு கணிப்பொறியின் நினைவகத்தில் இருப்பது மற்றொன்றுக்குத் தெரியாது. எனவே அவை ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பிக்கொள்ள வேண்டும். இதற்கென 1994-இல் வெளிவந்த பொதுவிதிதான் எம்.பி.ஐ. இதில் ஒவ்வொரு பங்காளிக்கும் 0, 1, 2, 3 என்று ஓர் எண் உண்டு. 'அனுப்பு', 'பெறு' என்பவை இரண்டும் அடிப்படைக் கட்டளைகள்.

எனக்குத் தரப்பட்ட பயிற்சி, ஓர் உலோகத் தகட்டில் வெப்பம் பரவுவதைக் கணக்கிடுவது. தகட்டை நான்கு பட்டைகளாக வெட்டி, கூடத்தில் இருந்த நான்கு கணிப்பொறிகளுக்கு ஆளுக்கொன்றாகக் கொடுத்தேன். ஒவ்வொரு சுற்றிலும் பக்கத்துப் பட்டைக்காரனிடம் தன் எல்லை வரிசையைக் கொடுத்து, அவனுடையதை வாங்கிக்கொள்ள வேண்டும். வரிசைக்கு 100 புள்ளிகள் வைத்து ஓட்டினேன், அழகாக ஓடியது. 10,000 புள்ளிகள் வைத்தேன், அப்படியே நின்றுவிட்டது. பிழைச் செய்தி இல்லை. நான்கு கணிப்பொறிகளும் சும்மா நின்றன.

செயல்விளக்கத்துக்கு இரண்டே நாள் இருந்தது. "நூறு புள்ளியை வைத்தே காட்டிவிடு, யார் கேட்கப்போகிறார்கள்?" என்றான் நண்பன். உண்மையைச் சொன்னால், எனக்கும் அந்த ஆசை வந்தது. எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். 'இதெல்லாம் நமக்கு வராது' என்ற எண்ணம் அடிக்கடி வந்து தோளில் உட்காரும். அன்றும் உட்கார்ந்தது. ஆனால் ஏன் நிற்கிறது என்று தெரியாமலே மதிப்பெண் வாங்கிக்கொண்டு போனால், அந்த எண்ணம் என்னை விட்டு என்றும் இறங்காது என்று தோன்றியது.

முதலில் செய்தது, நிரலின் நடுவே ஆங்காங்கே 'இங்கே வந்துவிட்டேன்' என்று அச்சிடச் சொன்னது. அது என்னை ஏமாற்றியது. அச்சிடும் வரிகள் உடனே திரைக்கு வருவதில்லை. இடையில் ஒரு தேக்கத்தில் காத்திருக்கும். ஆகவே திரையில் கடைசியாகத் தெரியும் வரி, நிரல் உண்மையில் நின்ற இடமாக இருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு வரியையும் உடனே வெளியே தள்ளும் கட்டளையைச் சேர்த்து, வரியின் முன்னால் பங்காளியின் எண்ணையும் அச்சிட்ட பிறகே படம் தெளிந்தது.

அடுத்து, நான்கு பேரை இரண்டாகக் குறைத்தேன். இருவர் ஓட்டியபோதும் நின்றது. இது பெரிய நன்மை. நாலு பேரின் சண்டையைவிட இருவர் சண்டையை விசாரிப்பது எளிதல்லவா? தாளில் இரண்டு வட்டம் போட்டு, யார் யாருக்காகக் காத்திருக்கிறார் என்று அம்புக்குறி இட்டேன். 0-இலிருந்து 1-க்கு ஓர் அம்பு. 1-இலிருந்து 0-க்கு ஓர் அம்பு. இருவருமே 'அனுப்பு' என்ற கட்டளையில் நின்றிருந்தார்கள். 'பெறு' என்ற கட்டளைக்கு ஒருவரும் வந்து சேரவில்லை. அம்புகள் சுற்றி வந்து வட்டமாகிவிட்டால், அந்த முடிச்சு தானாக அவிழாது.

நின்ற இடம் தெரிந்தது. ஆனால் 100 புள்ளிகளுக்கு மட்டும் ஏன் ஓடியது? அன்றிரவு நசரத்பேட்டையில் பேருந்தை விட்டு இறங்கி வீட்டுக்குப் போனபோதும் இதே நினைவுதான். என் தந்தை கிடங்கில் மூட்டை தூக்குகிறவர். விஷயத்தைச் சொன்னேன். சோற்றைப் பிசைந்தபடியே, "ரெண்டு பேரும் தோள்ல மூட்டையோட எதிரெதிரா நின்னா யாருடா வாங்குறது? ஒருத்தன் கை காலியா இருக்கணும். சின்ன பொட்டலம்னா திண்ணையில வெச்சிட்டுப் போலாம்" என்றார்.

திண்ணை! அதுதான் விடை. செய்தி சிறிதாக இருந்தால் எம்.பி.ஐ. அதை ஓர் இடைக்கிடங்கில் வைத்துவிட்டு அனுப்பியவனை விட்டுவிடும். பெரிதாக இருந்தால், எதிராளி வாங்கத் தயாராகும்வரை அனுப்பியவனை நிறுத்திவைக்கும். எந்த அளவுக்கு மேல் 'பெரிது' என்பது அமைப்புக்கு அமைப்பு மாறும். எங்கள் கூடத்தில் அது ஏறக்குறைய 64 கிலோபைட். ஒரு புள்ளிக்கு 8 பைட். 100 புள்ளிக்கு 800 பைட் திண்ணையில் அடங்கியது. 10,000 புள்ளிக்கு 80,000 பைட் அடங்கவில்லை. ஆக, நூறு புள்ளிக்கும் என் நிரல் சரியானதன்று. தவறு திண்ணையின் தயவில் மறைந்திருந்தது.

மறுநாள் இதைச் சோதித்தேன். 'எஸ்சென்ட்' என்று ஒரு கட்டளை உண்டு. எதிராளி வாங்கத் தொடங்கும்வரை அது அனுப்பியவனை விடாது; திண்ணையே கிடையாது. 'அனுப்பு' கட்டளைகளை எல்லாம் அதுவாக மாற்றி ஓட்டினேன். 100 புள்ளிக்கும் நின்றது! நிரல் நின்றதற்காக நான் மகிழ்ந்தது அன்று ஒருநாள்தான். பின்பு இரட்டை எண்காரர் முதலில் அனுப்பவும், ஒற்றை எண்காரர் முதலில் பெறவும், பிறகு முறை மாறவும் எழுதினேன். நால்வரும் ஓடினர்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு கணிப்பொறியில் வந்த மொத்தக் கூட்டுத்தொகையும் நான்கில் வந்ததும் கடைசி இலக்கங்களில் சற்று வேறுபட்டன. பழுதோ என்று பயந்தேன். தசம எண்களைக் கணிப்பொறி குறிப்பிட்ட இலக்கங்களோடு வெட்டிக்கொள்வதால், கூட்டும் வரிசை மாறினால் கடைசி இலக்கம் மாறும் என்று எங்கள் விரிவுரையாளர் விளக்கினார். பழுது எது, இயல்பு எது என்று பிரித்தறிவதும் பழுது நீக்கும் கலையில் ஒரு பகுதியே.

செயல்விளக்க நாளில் 10,000 புள்ளிகளோடுதான் ஓட்டிக் காட்டினேன். நூறு புள்ளிக்கு ஓடியதைப் பற்றியும் மறைக்காமல் சொன்னேன். நண்பர்களே, நிரல் நின்றுவிட்டால் கலங்க வேண்டாம். கூட்டத்தைக் குறையுங்கள், யார் யாருக்காகக் காத்திருக்கிறார் என்று தாளில் வரையுங்கள், ஓடுகிற நிரலையும் ஒருமுறை சந்தேகியுங்கள். அதற்குப் பிறகும் விளங்கவில்லையா? வீட்டில் மூட்டை தூக்கியவர் யாரேனும் இருந்தால் கேட்டுப் பாருங்கள்.