புது வண்டிக்குப் பூட்டும் நகைகள்

கல்யாணப் பெண்ணுக்கு நகை பூட்டுவதுபோல், புது பிக்கப் வண்டிக்கும் நம்மவர்கள் பார்த்துப் பார்த்துப் பூட்டுகிறார்கள். பின்பெட்டிக்கு மேற்கூடு, இரும்புச் சட்டம், பெரிய டயர், உயர்த்திய ஸ்பிரிங்! ஆசை குற்றமில்லை. ஆனால், வாசகர்களே, பட்டறைக்குப் போகுமுன் சிறிது கணக்குப் பாருங்கள்.

'ஒரு டன்' பிக்கப் ஏறத்தாழ 1,000 கிலோ தாங்கும். ஆட்களும் பூட்டிய சாமான்களும் அதில் அடக்கம். தலைக்கு 70 கிலோ வீதம் ஐவர் ஏறினால் 350 கிலோ. கூடும் சட்டமும் 150 கிலோ என்றால், மீதி 500 கிலோதான். அதாவது, 50 கிலோ உரமூட்டை பத்து!

டயரின் உயரம் நூற்றுக்கு 5 பங்கு கூடினால், சரியாகக் காட்டிவந்த வேகமானி 100 காட்டும்போது வண்டி 105-இல் ஓடும். வண்டியை உயர்த்தினால், வளைவில் கவிழும் அபாயமும் உயரும்.

மலேசியச் சட்டப்படி முன்கண்ணாடி 70 விழுக்காடு, முன்பக்கக் கதவுக் கண்ணாடிகள் 50 விழுக்காடு வெளிச்சத்தையாவது விடவேண்டும். வண்டியின் அமைப்பை மாற்றச் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதி தேவை. காப்புறுதி நிறுவனத்துக்கும் முன்கூட்டியே தெரிவியுங்கள். மறைத்தால் விபத்துக்குப்பின் இழப்பீடு கிடைக்காமல் போகலாம்.

முதலில் நல்ல தார்ப்பாயும் சுமை கட்டும் பட்டைகளும் தீயணைப்பானும் வாங்குங்கள்.

பள்ளி விட்டதும் பிள்ளைகள் பின்பெட்டியில் தாவி ஏறுவதைக் காண்கிறேன். ஆசிரியர் என்ற முறையில் கேட்டுக்கொள்கிறேன்: மேற்கூடு போட்டாலும் அது சாமான் வைக்கும் இடமே. பிள்ளைகளை உள்ளே உட்காரவைத்து இடைவார் மாட்டுங்கள்.