வணிக மேம்பாட்டு வட்டாரமும் நில வாடகையும்: உக்குவளைக் கடைத்தெருவை முன்வைத்துச் சில குறிப்புகள்

நகர வணிகம் பற்றிய மேலைநாட்டு எழுத்துகளில் ‘வணிக மேம்பாட்டு வட்டாரம்’ என்னும் கருத்து இன்று பெருவழக்காகிவிட்டது. ஒரு கடைத்தெருவின் எல்லை வரையறுக்கப்படுகின்றது; அதனுள் வணிகம் செய்வோரோ கட்டட உரிமையாளரோ வழக்கமான வரிக்கு மேலதிகமாக ஒரு கட்டணம் செலுத்துகின்றனர்; அப்பணம் பொது நிதியிற் கரைந்துபோகாது, அத்தெருவின் துப்புரவு, விளக்கு, விளம்பரம் முதலியவற்றுக்கே செலவாகின்றது. அமைப்பு இவ்வளவே. ஆயின் உடைமை, வரி, அதிகாரம் ஆகிய மூன்றும் இதனுள் ஒன்றையொன்று பற்றிநிற்கும் முறை ஆராய்தற்குரியது.

இதன் பிறப்பு எளிய வணிகரின் தற்காப்பிலேயே நிகழ்ந்தது என்பதை நாம் மறைக்கவேண்டியதில்லை. 1968 இல் ரொறொன்ரோவின் புளோர் வீதி மேற்குக்கு நிலக்கீழ்ப் புகையிரதம் நீண்டது. முன்னர் ட்ராம் வண்டியிலிருந்து கடைகளைப் பார்த்துச் சென்றோர் நிலத்தின் கீழ் மறைந்தனர். பேரங்காடிகளும் வாடிக்கையாளரை ஈர்த்தன. கடைக்காரர் நிதி திரட்ட முனைந்தபோது, வணிகர் சங்கங்கள் யாவும் அறிந்த இடர்ப்பாடே எதிர்ப்பட்டது: சந்தா கொடுப்போர் சிலர், பயன்பெறுவோர் எல்லோரும். எனவே கட்டணத்தைச் சட்டத்தாற் கட்டாயமாக்கும் வழி நாடப்பட்டது. 1970 இல் அங்கு அமைந்ததே உலகின் முதல் வட்டாரம்.

பெருமூலதனத்தின் கைக்கு மாறியபோது இவ்வமைப்பின் இயல்பும் மாறிற்று. நியூயோர்க்கின் கிராண்ட் சென்ட்ரல் வட்டாரத்தின் ஆட்சிக்குழுவில் நில உடைமையாளருக்கே பெரும்பான்மை ஆசனங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. ‘ஒருவருக்கு ஒரு வாக்கு’ என்னும் நெறியைச் சுட்டி அங்கு குடியிருந்தோர் வழக்குத் தொடுத்தனர். இது வரையறுத்த பணியுடைய அமைப்பாதலின் அந்நெறி பொருந்தாது என 1998 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது. இங்கிலாந்தின் 2003 ஆம் ஆண்டுச் சட்டமோ இரட்டைப் பெரும்பான்மையைக் கேட்கின்றது: வாக்களித்தோர் எண்ணிக்கையிலும் வேண்டும், அவர்களுடைய வரிமதிப்பின் தொகையிலும் வேண்டும். ஐந்தாண்டுக்கு மேல் நீடிக்க மீண்டும் வாக்கெடுக்கவேண்டும். சிறுகடைகள் பெருங்கடைகளுக்குப் பணியாதிருக்கவும், பெருங்கடைகள் சிறுகடைகளுக்குப் பணியாதிருக்கவும் செய்த ஏற்பாடு இது. சந்தையில் வாங்குவோருக்கும் கடைச் சிப்பந்திக்கும் இரண்டு கணக்கிலும் இடமில்லை.

இனி உக்குவளைக்கு வருவோம். கண்டியிலிருந்து மாத்தளைக்கு 1880 இல் அமைந்த புகையிரதப் பாதையில், வத்துகாமத்துக்கும் மாத்தளைக்கும் இடைப்பட்ட ஊர் இது. சிங்களவரும் முஸ்லிம்களும் தோட்டத் தமிழரும் கூடும் கடைவீதி. சுற்றிலும் மிளகு, கராம்பு, சாதிக்காய் விளையும் மண். பொல்கொல்லையில் மறிக்கப்பட்ட மகாவலி நீர் ஏறத்தாழ எட்டுக் கிலோமீற்றர் சுரங்கவழி வந்து, 1976 முதல் இங்குள்ள மின்நிலையத்தை இயக்கிவிட்டு, சுதுகங்கை வழியே வடக்கின் வறண்ட வயல்களை நோக்கிச் செல்கின்றது. மின்சாரமும் மிளகும் இவ்வூர் வழியாகக் கடந்து செல்வன. ஊரில் எவ்வளவு தங்குகின்றது என்பது வேறு வினா.

இங்கு ஒரு வட்டாரம் தொடங்க விரும்புவோர் முதலில் எதிர்கொள்வது அரசியல் யாப்பின் 148 ஆம் உறுப்புரை. பாராளுமன்றம் இயற்றிய சட்டத்தின் அதிகாரமின்றி எந்த உள்ளூராட்சிச் சபையும் வரியோ அறவீடோ விதித்தலாகாது என அது கூறுகின்றது. ஆகவே வணிகர் சங்கம் சந்தா திரட்டலாம்; கட்டாயக் கட்டணம் வேண்டின், 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் தரும் வரி அதிகாரங்களுக்குள் அடங்கவேண்டும், அல்லது புதிய சட்டம் வேண்டும். சபையே அறவிட்டுச் சபையே கணக்குக் காட்டுதல் நன்று என்பது எமது கருத்து. ஆனால் சபை இருக்கவேண்டுமே! 2023 மார்ச்சில் நாடெங்கும் சபைகளின் பதவிக்காலம் முடிந்தபின், 2025 மே 6 இல் தேர்தல் நடக்கும்வரை, கேள்வி கேட்பதற்கு மக்கள் பிரதிநிதிகளே இருக்கவில்லை.

சட்டத்தினும் ஆழமான சிக்கல் வாடகையில் உள்ளது. நிலத்திற் பதிந்த மூலதனத்தின் பயன், குத்தகை முடிந்ததும் நில உடைமையாளனையே சேர்கின்றது என மார்க்ஸ் ‘மூலதனம்’ மூன்றாம் தொகுதியில் விளக்குவார். கடைத்தெருவுக்கும் இது பொருந்தும். கட்டணத்தை வாடகைக்கு இருக்கும் கடைக்காரர் செலுத்துவார், விளக்கும் நடைபாதையும் வரும், கொள்வோர் பெருகுவர், அடுத்த ஒப்பந்தத்தில் வாடகை உயரும். தன் பணத்தாலேயே தன் வாடகையை உயர்த்திக்கொண்டவர், அதைத் தாங்கமுடியாது வெளியேறவும் நேரலாம். இதனைத் தவிர்க்கக் கட்டணத்தின் பெரும்பங்கு உடைமையாளர்மீது விழவேண்டும். கட்டணக் காலம் முழுவதற்கும் வாடகைக்கு உச்சவரம்பு வேண்டும்.

பல்லின ஊரில் வாக்கெடுப்பு வெறும் எண்ணிக்கையாக நின்றுவிடுதலும் ஆபத்தே. 1983 யூலையில் மாத்தளை நகரில் தமிழர் கடைகள் எரிந்ததை அயலூர்கள் மறந்திரா. எல்லைக்கோட்டை எந்தக் கடையோடு நிறுத்துவது என்பது அளவையாளரின் தொழில்நுட்பப் பணி மட்டுமன்று.

நடைபாதையில் காய்கறி பரப்புவோர் நிலைதான் மிக நலிந்தது. ‘மேம்பாடு’ என்றதும் முதலில் அகற்றப்படுவோர் அவர்களே. தோட்டத் தொழிலாளி சம்பளநாளில் முதலில் நாடுவதும் அவர்களையே. இந்தியாவின் 2014 ஆம் ஆண்டுத் தெருவோர வியாபாரிகள் சட்டம், நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு 40 இற்குக் குறையாத இடங்களை அவ்வியாபாரிகளுக்கே தந்து, அவற்றுள் மூன்றிலொன்றைப் பெண்களுக்கு வைத்துள்ளது. உக்குவளையில் அமையும் குழுவுக்கும் அந்த விகிதத்தையே நாம் முன்மொழிவோம். கடைச் சிப்பந்திகளுக்கான இடங்கள் அதற்குப் புறம்பானவை.