பனிக்கட்டிப் பொறி நின்றுவிட்டால்

குளிர்ப்பெட்டிகள் சிலவற்றில் தானே பனிக்கட்டி வார்க்கும் பொறி உண்டு. மின்சாரத்தால் திறக்கும் வால்வு அச்சுத் தட்டில் நீரை விடுகிறது. நீர் உறைந்ததும் சிறு சூடேற்றி ஒன்று கட்டிகளின் பிடியை இளக்க, சுழலும் கை அவற்றைத் தொட்டியில் தள்ளுகிறது. தொட்டி நிறைந்தால், அதன்மேல் தாழ்ந்திருக்கும் கம்பி உயர்ந்து பொறியை நிறுத்திவிடும்.

ஆதலின் பொறி நின்றதும் முதலில் அக்கம்பியைப் பாருங்கள். ஏதேனும் ஒரு பொட்டலம் இடித்து அது மேலேயே நின்றிருக்கலாம். உறைவறை -18 பாகை செல்சியஸ் அளவில் இருத்தல் வேண்டும். கட்டிகள் சிறுத்து வந்தால் நீர்வரத்துக் குறைவு. பெரும்பாலும் வடிகட்டி அடைத்திருக்கும். என் வீட்டிலோ நீர்க்குழாயின் வாயே உறைந்து கிடந்தது. மின்தொடர்பைத் துண்டித்து, வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை அதன்மேல் வைத்து இளக்கினேன். வேண்டியிருந்தது பொறுமை ஒன்றே.

அப்பொறுமை இல்லாதார் கத்தியை எடுக்கின்றனர்! குளிரூட்டும் வாயு ஓடும் மெல்லிய குழாய்கள் உறைவறைச் சுவரிலோ அதன் பின்னோ அமைந்துள்ளன. இக்காலப் பெட்டிகள் பலவற்றில் அவ்வாயு ஐசோபியூட்டேன். சமையல் வாயுவைப் போல எளிதில் தீப்பற்றுவது. குழாய் துளைபட்டுச் சீறும் ஓசை கேட்டால், மின்விசை எதனையும் தொடாது, சன்னல்களைத் திறந்துவிட்டு அனைவரும் வெளியேறுங்கள். பின்னர்ப் பழுது பார்ப்பவரை அழையுங்கள்.